முதல் தடவை வெளிக்கிடுகிறவர்களுக்கு: பெரிய எயார்போட்டுக்குள் வழி தவறாமல் நடப்பது

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கோ லண்டனுக்கோ சுவிசுக்கோ முதல் தடவை போகிறவர்களுக்கு விமானத்துக்குள் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. இருக்கையைக் காட்டுவார்கள், பெல்ட் போடச் சொல்லித் தருவார்கள், சாப்பாடு தானாக வந்து சேரும். கஷ்டம் எல்லாம் தரையில்தான். கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்க எயார்போட்டில் எந்த வரிசையில் நிற்பது, டுபாயிலோ டோஹாவிலோ இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, பெட்டியை எங்கே எடுப்பது என்பதில்தான் சனம் தடுமாறும்.

எவ்வளவு பெரிய எயார்போட்டாக இருந்தாலும் உள்ளே ஒழுங்கு ஒன்றுதான். புறப்படும்போது: வாசல், செக்-இன் (ரிக்கற்றைக் காட்டிப் பெட்டியைக் கொடுக்கிற கவுண்டர்), குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை, கேற் (விமானத்தில் ஏறுகிற வாசல்). இந்தக் கடைசி மூன்றும் நாட்டுக்கு நாடு முன்பின்னாக இருக்கலாம். இடையில் விமானம் மாறும்போது: இறங்குவது, பாதுகாப்புச் சோதனை, அடுத்த கேற். போய்ச் சேரும்போது: குடிவரவு, பெட்டி, சுங்கம், வெளிவாசல். நீங்கள் நிற்கிற இடத்துக்கு அடுத்தது எது என்று மட்டும் தெரிந்தால் போதும். கண்ணில் படுகிற எல்லாப் பலகையையும் வாசிக்கப் போனால் தலைதான் சுற்றும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் திகதி. வளைகுடா விமானங்கள் பல கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவுக்குப் பின், விடியப்புறத்தில் கிளம்புகின்றன. ரிக்கற்றில் 15 ஆம் திகதி 02:55 என்று இருந்தால், அது 14 ஆம் திகதி இரவு படுத்து எழும்புவதற்கு முன் வருகிற நேரம். மூன்று மணித்தியாலம் முன்பே நிற்க வேண்டும் என்றால் 14 ஆம் திகதி இரவு 11:55க்குக் கட்டுநாயக்கவில் இருக்க வேண்டும். வீதி வழியாக வாகனத்தில் ஏழு எட்டு மணித்தியாலம் ஓட்டம், வழியில் தேத்தண்ணி, சாப்பாடு, எங்கேயாவது ரயர் காற்றுப் போனால் அதற்கும் கொஞ்ச நேரம் என்று பார்த்தால், 14 ஆம் திகதி மத்தியானம் ஒன்றரைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். 15 ஆம் திகதிப் பயணம்தானே என்று 14 ஆம் திகதி இரவு பஸ்ஸில் ஏறினால், போய் இறங்கும்போது விமானம் அரபிக்கடலைத் தாண்டியிருக்கும். கலண்டரில் விமானத் திகதியைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற நாளையும் நேரத்தையும் குறியுங்கள்.

அடுத்தது பெயர். எங்கள் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் ஒரு இடத்தில், சொந்தப் பெயர் இன்னொரு இடத்தில் என்று இருக்கும். ஏஜென்சியில் வாய்ச்சொல்லில் பெயரைச் சொல்லி ரிக்கற் எடுத்தால் எழுத்து மாறும், வரிசை மாறும். கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் கலந்த இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பெயர்கள். அந்த வரியைப் பார்த்தே ரிக்கற்றில் அடிக்கச் சொல்லுங்கள். அச்சடித்து வந்ததும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்துப் பிழையை அன்றைக்கே திருத்துவது சுலபம். கவுண்டரில் நின்றுகொண்டு திருத்துவது சுலபமில்லை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்றும் அப்போதே பாருங்கள்.

விமானம் மாறுகிற இடத்துக்கும் விசா தேவைப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் எயார்போட்டில் வெளியே போகாமல் விமானம் மாறுவதற்குக்கூட விசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. பிராங்பேர்ட், பாரிஸ், சூரிச் எல்லாம் இதில் அடங்கும். செல்லுபடியான கனடா அல்லது அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. லண்டன் வழியாகப் போகிற இலங்கையருக்கும் இதேபோல ஒரு ரான்சிற் விசா விதி இருக்கிறது, அதற்கும் விலக்குகள் இருக்கின்றன. "அதெல்லாம் தேவையில்லை அண்ணை" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். டுபாய், டோஹா, சிங்கப்பூர் வழியாக ஒரே ரிக்கற்றில், உள்ளேயே நின்று மாறுவதென்றால் இந்தச் சிக்கல் இல்லை. முதல் பயணத்துக்கு அந்த வழிகளே நல்லது.

ஒரே ரிக்கற் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு ரிக்கற், சென்னையிலிருந்து மேற்கொண்டு வேறொரு ரிக்கற் என்று மலிவாகக் கிடைக்கும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமானது, கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. கட்டுநாயக்க வரை அலையத் தேவையில்லைதான். ஆனால் ரிக்கற் இரண்டாக இருந்தால் சென்னையில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, திரும்ப செக்-இன் செய்ய வேண்டிவரும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது எயார்லைன் பொறுப்பெடுக்காது. பலாலிக்கு வருவது சின்ன விமானம் என்பதால் கைப்பெட்டிக்கும் இடம் குறைவு.

ரிக்கற் எடுக்கும்போது விமானம் மாறுவதற்கு மூன்று, நான்கு மணித்தியாலம் இடைவெளி கேளுங்கள். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் என்றெல்லாம் காட்டுவார்கள். ஓடி நடக்கத் தெரிந்த இளம் பெடியனுக்கு அது போதும், அறுபத்தைந்து வயது அம்மாவுக்குப் போதாது.

பெட்டி

ரிக்கற்றில் பெட்டிக் கணக்கு இரண்டு விதமாக வரும். சிலவற்றில் மொத்த நிறை, உதாரணமாக 30 கிலோ; அதை இரண்டு பெட்டியாகப் பிரிக்கலாம். கனடா, அமெரிக்காப் பக்கம் பெரும்பாலும் பெட்டிக் கணக்கு: இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. இந்த இரண்டாவதில் ஒன்று 26, மற்றது 20 என்றால் கூட்டிப் பார்க்க மாட்டார்கள், 26க்கு மேலதிகக் காசு கேட்பார்கள். எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. வீட்டுத் தராசுக்கும் கவுண்டர் தராசுக்கும் வித்தியாசம் வரும் என்பதால் ஒரு கிலோ குறைத்தே கட்டுங்கள். கவுண்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய்த்தூளா சீலையா என்று பட்டிமன்றம் நடத்துகிற குடும்பங்களைக் கட்டுநாயக்கவில் எந்த நாளும் பார்க்கலாம்.

மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாம் கீழே போகிற பெட்டிக்குள்தான். கைப்பெட்டியில் தூள் இருந்தால் சோதனையில் மறிப்பார்கள், மிளகாய்த்தூளைப் பல இடங்களில் பறித்துவிடுவார்கள். தூளை இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, வாயை ரேப்பால் ஒட்டி, பெட்டியின் நடுவில் உடுப்புகளுக்கு இடையில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டி விழுகிற முதல் அடியிலேயே பை வெடிக்கும். நல்லெண்ணெய்ப் போத்தலை முழுக்க நிரப்பாமல் கழுத்தளவோடு விட்டு, மூடியையும் சுற்றி ஒட்டுங்கள்.

கொண்டுபோகவே கூடாத சிலவும் இருக்கின்றன. கசகசா எங்களுக்குச் சமையல் சாமான், ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற பொருள். டுபாய் வழியாகப் போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அரைத்த கறித்தூளில் அது கலந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ட்ரமடோல், கோடீன் சேர்ந்த வலிமருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. கொப்பறாத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ப் பிடிப்பால் தானாகச் சூடேறக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதியில் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் சாமான் கொண்டுபோக முடியாது. தாவரப் பொருட்களில் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்தைத் தவிர மற்றப் பழம், இலை, காய் எல்லாவற்றுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அதாவது மகள் ஆசைப்பட்ட கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் பாரிசில் குப்பைக்குத்தான் போகும். கறிவேப்பிலையைக் காயவைத்துத் தூளாக்கி, சமையல் தூளாகக் கொண்டுபோவது புத்தி.

பவர் பேங்க் கீழே போகிற பெட்டிக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் பெட்டியை மறித்து உங்களைத் தேடுவார்கள். கையில் 100 வாட்-மணி வரை கொண்டுபோகலாம். கடையில் 20,000 mAh என்று விற்பது ஏறத்தாழ 74 வாட்-மணி, அது சரி. எழுத்து அழிந்து போன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, ரிக்கற் அச்சுப்பிரதி, விசாக் கடிதம், அழைப்புக் கடிதம், போகிற வீட்டின் விலாசமும் இரண்டு தொலைபேசி இலக்கமும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள், மூக்குக்கண்ணாடி, பேனை, மூன்று நாளைக்கான மருந்து மருந்துச்சீட்டோடு, ஒரு சுவெற்றர். இன்சுலின் கட்டாயம் கையில்தான். கீழ்ப்பெட்டியில் உறைந்து போகலாம். மாத்திரைகளைக் கழற்றி ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள், அட்டையோடு இருக்கட்டும். திரவம் எதுவும் ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகக்கூடாது. பாதி காலியான 200 மில்லிலீற்றர்ப் போத்தலையும் எடுத்து வீசுவார்கள், போத்தலின் அளவுதான் கணக்கு. ஊறுகாய், நெல்லிரசம், சம்பல் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் திரவம்தான்.

இன்னொருவர் தருகிற பார்சலை, அது அடுத்த வீட்டு மாமியின் பினாட்டாக இருந்தாலும், உங்கள் கண்ணால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். எயார்போட்டில் வைத்து யாராவது நீட்டினால் வாங்கவே வேண்டாம்.

கட்டுநாயக்க

பஸ்ஸில் வருகிறவர்கள் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக ஓடுகிற பஸ்ஸா என்று ஏறும்போதே கேளுங்கள். அது என்றால் கட்டுநாயக்கவில் பிரதான வீதியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். புகையிரதத்தில் போனால் கொழும்புக் கோட்டையில் இறங்கி 187 இலக்க பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். பெட்டிகளோடு அது வேண்டாத அலைச்சல்.

புறப்பாட்டு வாசலில் கடவுச்சீட்டும் ரிக்கற்றும் காட்டினால்தான் விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டி வரலாம், ஆகவே அழுகை, கட்டிப்பிடிப்பு, படம் எடுப்பது எல்லாவற்றையும் வெளியிலேயே முடியுங்கள். உள்ளே போனதும் பெட்டிகளை ஒரு தடவை ஸ்கானரில் விடுவார்கள். பிறகு திரையில் உங்கள் விமான இலக்கத்தைத் தேடுங்கள். இரண்டு எழுத்தும் சில இலக்கங்களும்: யூ.எல். என்றால் ஸ்ரீலங்கன், ஈ.கே. என்றால் எமிரேட்ஸ், கியூ.ஆர். என்றால் கத்தார். அதற்கு நேரே கவுண்டர் இலக்கம் இருக்கும். போகிற ஊரின் பெயரைத் தேடாதீர்கள்; ரொறன்ரோ போகிறவருக்குத் திரையில் டுபாய் என்றுதான் காட்டும்.

கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே. பெட்டி கடைசி ஊர்வரை போகுமா? இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாசையும் (விமானத்தில் ஏறும் சீட்டு) இங்கேயே தருவீர்களா? ஆம் என்றால் பெட்டியில் கட்டுகிற நாடாவில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். உங்களுக்குத் தருகிற சின்ன ஸ்ரிக்கரில் அதே இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்ரிக்கர்தான் பெட்டிக்குச் சாட்சி, பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலும் விமானம் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுவார்கள். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த ஆதாரம் காட்ட வேண்டும். பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு அது இல்லை. குடியகல்வு அதிகாரி எங்கே போகிறீர்கள், யாரிடம், எவ்வளவு காலம் என்று கேட்பார். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிங்களமோ ஆங்கிலமோ வராவிட்டால் அழைப்புக் கடிதத்தை நீட்டுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் தட்டில் வைக்க வேண்டியவை: போன், மணிக்கூடு, பெல்ட், சில்லறை, மடிக்கணினி. சின்னச் சாமான்களைத் தட்டில் தனியாகப் போடாமல் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்துவிடுங்கள். தட்டோடு மறந்துவிட்டு வருவது பெரும்பாலும் மணிக்கூடும் கண்ணாடியும்தான். தாலிக்கொடி, காப்பு கழற்றத் தேவையில்லை. நடந்து போகிற சோதனை வாசல் கூவினால் பெண் அதிகாரி ஒருவர் கையால் தடவிப் பார்ப்பார், தனி இடத்தில் பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். குண்டு, வெடி என்று தமிழில்கூடப் பகிடி விடாதீர்கள்.

போர்டிங் பாசை வாசிப்பது

இதில் நான்கு விடயம் மட்டும் பாருங்கள்: விமான இலக்கம், கேற், ஏறும் நேரம், இருக்கை. ஏறும் நேரம் வேறு, புறப்படும் நேரம் வேறு. ஏறுவது நாற்பத்தைந்து நிமிடம் ஒரு மணித்தியாலம் முன்பே தொடங்கும், புறப்பட பதினைந்து இருபது நிமிடம் இருக்கும்போது கேற்றை மூடுவார்கள். புறப்படும் நேரம் 03:30 என்றிருக்க, அதைக் கதவு திறக்கிற நேரம் என்று நினைத்து 03:20க்கு வந்தால் விமானம் கண்ணுக்கு முன்னால் நிற்கும், ஏற விடமாட்டார்கள். கேற் இடம் காலியாக இருந்தால் இன்னும் அச்சடிக்கவில்லை என்று அர்த்தம், பிறகு திரையில் வரும். அச்சடித்திருந்தாலும் மாறக்கூடும், ஆகவே கடைசி வார்த்தை திரையினுடையது. ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று இலக்கங்கள் மாறி மாறிக் காட்டலாம். கூட்டு எயார்லைன்கள் அப்படித்தான், பதற வேண்டாம்.

விமானம் மாறுகிற இடம்

இங்கேதான் சனம் தொலைகிறது. தொலைவதற்குக் காரணம் இடம் பெரியதாக இருப்பது மட்டுமில்லை, இறங்கியவுடன் கூட்டத்துக்குப் பின்னால் நடப்பது. கூட்டத்தில் பாதி அந்த ஊரில் இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் போனால் குடிவரவு வரிசையில்தான் போய் நிற்பீர்கள்.

விமானக் கதவைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்ததும் ஓரமாக நில்லுங்கள். தலைக்கு மேல் பலகையைப் பாருங்கள். பெட்டிப் படம் போட்ட அம்பு வெளியே போகிறவர்களுக்கு, அது உங்களுக்கு இல்லை. உங்களுக்கானதில் "கனெக்ஷன்ஸ்" அல்லது "ட்ரான்ஸ்ஃபர்ஸ்" என்று எழுதியிருக்கும், விமானப் படமும் இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்தச் சொற்களின் உருவத்தைப் பிள்ளைகள் ஒரு தாளில் பெரிதாக எழுதித் தந்தால் ஒப்பிட்டுப் பார்த்தே போகலாம். அந்த அம்பைப் பிடித்து நடந்தால் இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரும். விமானத்தில் தந்த தண்ணீர்ப் போத்தலையும் அங்கே எடுத்துவிடுவார்கள், குடித்துவிட்டுப் போங்கள்.

சோதனை முடிந்ததும் முதல் வேலை திரை. விமான இலக்கத்தைத் தேடி கேற்றைப் பாருங்கள். கேற்றில் முதல் எழுத்து கட்டடத்தின் பகுதி, பின்னால் வருகிற இலக்கம் அந்தப் பகுதிக்குள் இடம். டுபாயின் 3 ஆம் முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி. பியிலிருந்து சிக்கு நடந்தே போகலாம், ஏ பகுதிக்கு உள்ளே ஓடுகிற ரயிலில் போக வேண்டும். ஏ, பி ஒவ்வொன்றும் தனியே ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட நீளம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கைப்பையோடு பதினைந்து நிமிட நடை. 2 ஆம் முனையம் ஓடுபாதைக்கு மறுபக்கம். அங்கே மாற வேண்டுமென்றால் உள்ளக பஸ் இருக்கிறது, ஆனால் நேரம் தின்னும். டோஹாவில் ஏ முதல் ஈ வரை ஐந்து பகுதி. நடுவில் விளக்குத் தண்டு தலையில் செருகிய ஏழு மீற்றர் உயர மஞ்சள் கரடிப் பொம்மை ஒன்று இருக்கிறது. வழி தவறினால் யாரிடமும் கரடியைச் சைகையில் கேட்டாலே காட்டுவார்கள், அங்கிருந்து எல்லாப் பகுதிக்கும் அம்பு உண்டு. டி, ஈ பகுதிகளுக்கு மண்டபத்துக்குள்ளேயே மேலால் ஓடுகிற ரயிலும் உண்டு. சிங்கப்பூர் சாங்கியில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் கேற் வாசலிலேயே நடக்கும். கேற்றுக்குப் போவதற்கு முன் ரொய்லெற்றுக்குப் போய், தண்ணீரையும் குடித்து முடியுங்கள்.

அடுத்து மணிக்கூடு. டுபாய் நேரம் எங்கள் நேரத்தை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், டோஹா இரண்டரை மணித்தியாலம் பின்னால். ரிக்கற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கைமணிக்கூடு இலங்கை நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், போன் வலையமைப்புக் கிடைக்காவிட்டால் அதுவும் மாறாது. மேற்கே போகும்போது இதனால் நேரம் பிந்தி விட்டதென்று பதறி ஓடுவீர்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது டுபாய் நேரத்தில் இல்லாமல் லண்டன் நேரத்தில் இருந்தால் விமானமே போய்விடும். இறங்கியதும் திரையின் மூலையில் உள்ள நேரத்தைப் பார்த்து மணிக்கூட்டைத் திருப்புங்கள்.

டுபாயில் பொதுவாக ஒலிபெருக்கியில் கூப்பிடமாட்டார்கள். பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று கதிரையில் கண்ணயர்ந்தால் அழைப்பு வராது. முதலில் கேற்றைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டுப் பிறகுதான் கடை, சாப்பாடு, தூக்கம் எல்லாம். இந்த ஒழுங்கை மாற்றுகிறவர்கள்தான் கடைசியில் ஓடுகிறார்கள். கடை வீதி வேண்டுமென்றே வளைந்து வளைந்து போகும்படி போடப்பட்டிருக்கும், அங்கே திசை குழம்புவது உங்கள் பிழை இல்லை. வாசனைத் தண்ணியோ வேறு திரவமோ வாங்கினால் முத்திரை ஒட்டிய பையைத் திறக்காமல் பற்றுச்சீட்டோடு வைத்திருங்கள். இன்னொரு சோதனை இருந்தால் திறந்த பையைப் பறிப்பார்கள்.

ஓடும் நடைபாதையில் வலது பக்கம் நில்லுங்கள், இடது பக்கம் அவசரக்காரருக்கு. முடிகிற இடத்தில் காலைத் தூக்கி வையுங்கள், சீலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். எஸ்கலேற்றர் பயமென்றால் பக்கத்தில் எங்கேயாவது கட்டாயம் லிப்ற் இருக்கும்.

வீட்டுக்குச் சேதி சொல்ல இலவச வைபை கிடைக்கும். ஆனால் டுபாயில் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் எடுபடாது. எழுத்தும் குரல்பதிவும் போகும். "அம்மா போன் எடுக்கவில்லை" என்று கனடாவில் அழுதுகொண்டிருக்காமல் இருக்க, இதை இரண்டு பக்கத்துக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

விமானத்தைத் தவறவிட்டால் வெளியே போக வேண்டாம். எயார்லைனின் ட்ரான்ஸ்ஃபர் கவுண்டர் எங்கே என்று கேட்டுப் போய், கடவுச்சீட்டையும் ஆறெழுத்து முன்பதிவு இலக்கத்தையும் காட்டுங்கள். முதல் விமானம் பிந்தியதால் தவறியது, ரிக்கற்றும் ஒன்றுதான் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

சக்கர நாற்காலி

நடக்க முடியாதவர்களுக்கு எயார்லைன் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருகிறது. குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் ரிக்கற்றில் பதிவிக்க வேண்டும். பதிவில் மூன்று வகை உண்டு: படி ஏறுவார் ஆனால் தூரம் நடக்கமாட்டார், படியும் ஏறமாட்டார், இருக்கை வரை தூக்கிவிட வேண்டும். முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு முதல் வகையைப் போட்டுவிட்டால், பஸ்ஸில் கொண்டுபோய் விமானப் படிக்கட்டடியில் இறக்கும்போது அவர் ஏறத்தான் வேண்டிவரும். ஏஜென்சியில் எது போட்டார்கள் என்று கேளுங்கள்.

கால் நல்லாக இருக்கிறது, மொழிதான் தெரியாது என்றால் சக்கர நாற்காலி கேட்பது சரியில்லை. உண்மையில் தேவையானவர் காத்திருப்பார். மொழிக்காகக் கூட்டிப்போய் விடுகிற உதவியைச் சில எயார்லைன்கள் தனியாகத் தருகின்றன, அதைக் கேட்டுப் பாருங்கள். நாற்காலியில் போகிறவர்களை இடையில் ஒரு காத்திருப்பு இடத்தில் இருத்திவிட்டு ஆள் போய்விடுவார். அதுதான் நடைமுறை, கைவிட்டுவிட்டார் என்று எழும்பிப் போகாதீர்கள். எழும்பிப் போனால் அவர் திரும்பி வந்து உங்களைத் தேடுவார், விமானம் தேடாது. ரொய்லெற் என்றால் பக்கத்து மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள்.

போய் இறங்கியதும்

இப்போதுதான் பெட்டிப் படம் போட்ட அம்பு உங்களுக்கு. முதலில் குடிவரவு. ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலம் தங்க வருகிறவர்களுக்கு 2025 ஒக்ரோபர் 12 முதல் விரலடையாளமும் முகப்படமும் எடுத்துப் பதிகிற புதிய முறை கட்டங்கட்டமாக வந்திருக்கிறது, முதல் தடவை நேரம் எடுக்கும். பிராங்பேர்ட்டில் இறங்கி சூரிச்சுக்கு மாறுவதென்றால் குடிவரவு பிராங்பேர்ட்டிலேயே நடக்கும், பெட்டி சூரிச்சில் வரும். கனடாவும் அமெரிக்காவும் வேறு மாதிரி. ரொறன்ரோவில் இறங்கி மொன்றியல் போகிறவர் ரொறன்ரோவிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம். கட்டுநாயக்கவில் நாடாவில் என்ன குறியீடு போட்டிருந்தாலும் இதை அங்கே கேட்டு உறுதிப்படுத்துங்கள். கனடாச் சுங்க அறிவிப்பைப் பிள்ளைகள் இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் முன்கூட்டியே நிரப்பி வைத்தால் இயந்திரத்தின் முன் தடுமாறத் தேவையில்லை.

சுங்கத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது ஒன்றிரண்டை எடுப்பார்கள். இல்லை என்று சொல்லிப் பெட்டிக்குள் கருவாடு அகப்பட்டால் தண்டம்.

பெட்டி வருகிற பட்டியின் இலக்கம் திரையில் விமான இலக்கத்துக்கு நேரே வரும். கறுப்புப் பெட்டி நூறு வரும், நிறநாடாவோ பழைய சீலைத் துண்டோ கைபிடியில் கட்டியிருந்தால் தூரத்திலேயே தெரியும். பட்டி நின்ற பிறகும் வராவிட்டால் வெளியே போகாமல் அந்த மண்டபத்திலேயே உள்ள பெட்டி முறைப்பாட்டு மேசைக்குப் போய், ஸ்ரிக்கரைக் காட்டி முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வருவது கஷ்டம். பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி பிந்தி வந்த செலவுக்கு, அது கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள் கேட்க வேண்டும்.

கூட்டிப்போக வருகிறவர்களிடம் இறங்குகிற நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான இலக்கத்தையும் சொல்லுங்கள். ஹீத்ரோவில் 2, 3, 4, 5 என்று நான்கு முனையம், ரொறன்ரோ பியர்சனில் 1, 3 என்று இரண்டு. இலக்கம் தெரிந்தால் எந்த முனையம் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளிவாசலுக்கு வந்ததும் தடுப்புக் கம்பியைத் தாண்டிய முதல் இடத்திலேயே ஓரமாக நில்லுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்று கார் நிறுத்துமிடத்துக்கு நடக்காதீர்கள். அவர் வாகனத்தை விட்டுவிட்டு லிப்ற்றில் மேலே வந்துகொண்டிருப்பார்.